தேய்ந்த இடம்

தூத்துக்குடியில் உப்பளங்களுக்குப் போகும் சாலையில், கூரை பாதி பறந்துபோன பழைய உப்புக் கிடங்கு ஒன்று உண்டு. கூரைதான் போயிற்றே தவிர, உள்ளே சிமென்டுத் தரை கண்ணாடி மாதிரி கிடக்கும். காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் ஸ்கேட்போர்டு ஓட்டுவார்கள்.

அந்தத் தரையை வாங்கிக் கொடுத்தவன் தொம்மை.

மனு எழுதி வாங்கினான். பதினோரு மனு, மூன்று அலுவலகம், கடைசியில் வாசலில் அரை நாள் உண்ணாவிரதம். ஒரு ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒன்பது வருஷம் துண்டறிக்கை எழுதிய கை அது. அவன் எழுதியதைப் படித்தவர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். எழுதியவன் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். வெயிலில் நிற்கிறவன் ஒருவன், மாலை வாங்குகிறவன் இன்னொருவன் என்பது தொம்மைக்கு இருபத்தைந்து வயதிலேயே தெரியும். தெரிந்தால் வலிக்காது என்று எந்தத் துண்டறிக்கையிலும் போட்டிருக்கவில்லை.

இப்போது அவனுக்கு முப்பத்துநாலு. மாஸ்டர் ஜெனோவாவுக்கு அவனைவிட ஐந்து வயது குறைவு. பெங்களூரில் ஓட்டக் கற்று, போட்டிகளில் ஜெயித்து, முழங்காலில் கத்தி வைத்த தழும்போடு ஊர் திரும்பியவர். அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் பல நேரம் பலகையை உருட்டிக் காட்டுவார். சில நேரம் அதுவும் இல்லை. தொம்மை அவரை மாஸ்டர் என்பான். அவர் இவனைத் தொம்மையண்ணே என்பார்.

தரையைக் கூட்டுவதும் தொம்மைதான். உப்புக் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டும். சக்கரத்தில் ஒரு பருக்கை சிக்கினால் போதும், ஆள் குப்புற விழுவான். தினம் ஐந்தே முக்காலுக்கு அவன் விளக்குமாறோடு நிற்பான். செய் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அப்படிக் கூட்டி வைத்த தரையில், எட்டு மாதத்துக்கு முன்னால் ஐகோர்ட்துரை வந்து இறங்கினான்.

பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அந்தப் பக்கத்துச் சாமியின் பெயர் அது. ஐஸ் கம்பெனியில் பாளம் தள்ளுகிறவன், வயது இருபத்தாறு. வழுக்குகிற தரையில் விழாமல் நிற்பதே அவன் பிழைப்பு. வந்த ஆறாவது மாதம் கிக்ஃபிளிப் போட்டுவிட்டான்.

ஓடுகிற பலகையோடு துள்ள வேண்டும். துள்ளும்போதே முன்கால் அதை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். பலகை காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி காலடிக்கு வர வேண்டும். அதுதான் கிக்ஃபிளிப். தொம்மைக்கு மற்றதெல்லாம் வரும். சரிவில் இறங்குவான், விளிம்பில் உரசிக்கொண்டு போவான், பின்சக்கரத்தில் மட்டும் நின்று கிடங்கின் நீளத்தைக் கடப்பான். இது மட்டும் வரவில்லை. இரண்டு வருஷமாக வரவில்லை.

துரை முதல் தடவை போட்ட அன்று எல்லோரும் பலகையின் வாலைத் தரையில் தட்டினார்கள். அங்கே கைதட்டலுக்குப் பதில் அதுதான் வழக்கம். தொம்மையும் தட்டினான். தட்டிய தட்டில் அவன் பலகையின் வால் பிளந்துபோனது.

பொறாமை என்று அவனிடம் யாரும் சொல்லிவிட முடியாது. அநீதி என்பான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரியும். ஒன்று அடுத்தவனுக்கு வருவது. மற்றது தனக்கு நேர்வது.

ஒரு திங்கட்கிழமை மாஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"சென்னையில மாநிலப் போட்டி. நம்ம தளத்துலேருந்து ஒரு ஆள்தான் போகலாம். சனிக்கிழமை எட்டரைக்குப் பேர் சொல்லணும்."

"யாரு?" என்று கேட்டாள் பவுலின். டியூஷன் எடுக்கிறவள். வாய் சும்மா இருக்காது.

"கிக்ஃபிளிப் இல்லாம அங்க போய் நிக்கக் கூடாது. சனிக்கிழமைக்குள்ள யாருக்கு வருதோ அவுக போகலாம்."

"துரைக்குத்தான் வந்துட்டுதே. இன்னொருத்தருக்கும் வந்தா?"

"யாருக்கு?"

பவுலின் தொம்மையைப் பார்த்தாள்.

"தொம்மையண்ணனுக்கு வந்தா தொம்மையண்ணன் போவாவ," என்றார் மாஸ்டர். "மத்ததெல்லாம் அவுகளுக்குத்தான் சுத்தமா வருது."

துரை உடனே தலையாட்டினான். "அதான் சரி. நான் சரிவுல இறங்கினா நாலு பேரு தூக்க வரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தொம்மை சிரிக்கவில்லை. இழக்கப் பயம் இல்லாதவன்தான் அப்படி உடனே தலையாட்டுவான் என்று நினைத்தான்.

மாஸ்டர் ஒரு மரப்பெட்டியை இழுத்து வைத்தார். பெங்களூரில் மூடிவிட்ட ஒரு கிளப்பிலிருந்து வந்த சாமான். பல அகலத்தில் பலகைகள், சக்கரங்கள், சக்கரத்தைத் தாங்கும் ட்ரக் என்கிற அச்சுகள், பேரிங், நட்டு, போல்ட். ஆளுக்கு ஒரு செட் எடுத்துக்கொள்ளலாம். தளத்துக்கு யார் முதலில் வந்தார்களோ அவர் முதலில்.

தொம்மை எழுந்தான். சீனியாரிட்டி என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் அவன் வாழ்க்கையில் ஒரு மரியாதை கிடைத்தது.

பெட்டிக்குள் கையை விட்டவன், எடுக்காமல் திரும்பிப் பார்த்தான்.

"சுத்துறதுக்கு எது நல்லது, மாஸ்டர்?"

"குறுகின பலகை சீக்கிரம் சுத்தும். அகலமானதுல இறங்கும்போது காலுக்கு இடம் இருக்கும்."

"ரெண்டுல எது?"

"சின்னச் சக்கரம் லேசு. பெரிய சக்கரம் கல்லத் தாண்டும்."

"நான் எத எடுக்கணும்னு கேக்கேன்."

"பெட்டி இங்கயேதான் இருக்கும். ஒவ்வொண்ணா மாட்டி ஏறிப் பாருங்கண்ணே. பிடிச்சத வச்சுக்கிடுங்க."

தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. இந்த மாதிரிப் பதிலை வாங்கி வாங்கித்தான் அவன் தலை பாதி நரைத்தது. துரைக்கு மட்டும் வேறு ஏதாவது சொல்லியிருப்பார் என்று தோன்றியது. தோன்றியதும் அது உறுதியாகிவிட்டது. மனசில் சில விஷயங்களுக்குச் சாட்சி தேவைப்படுவதில்லை.

செவ்வாய்க்கிழமை, துரை முகம் கழுவத் தொட்டிப் பக்கம் போன நேரம், தொம்மை அவன் பலகையைக் கவிழ்த்துப் போட்டு டேப்பால் அளந்தான். அகலம் ஏழே முக்கால் அங்குலம். சக்கரம் ஐம்பத்தொரு மில்லிமீட்டர். அச்சின் நட்டை எவ்வளவு இறுக்கியிருக்கிறான் என்று பார்த்தான். நட்டுக்கு மேலே திருகின் மூன்று புரி தெரிந்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

"என்னண்ணே," என்றது பவுலினின் குரல். "பலகைக்குச் சட்டை தைக்கப் போறீயளா?"

"நட்டு லூசா இருக்கான்னு பாத்தேன்."

"யாரு நட்டு?"

தொம்மை பலகையைத் திருப்பி வைத்தான். அப்போதுதான் மேல்பக்கத்தைப் பார்த்தான்.

பலகையின் மேலே உப்புத்தாள் போல ஒரு கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். கால் வழுக்காமல் இருக்க. துரையின் தாள் முழுக்கச் சொரசொரப்பாகவே இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், முன்மூக்கை ஒட்டி, குதிகால் பக்க ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து வெளுத்து மரம் தெரிந்தது.

தொம்மைக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டு மாதமாக அவன் துரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்டத்தில் கண்ணை இமைப்பதற்குள் முடிந்துவிடும், ஒன்றும் பிடிபடாது. கண் ஏமாறும். ஆவணம் ஏமாறாது. கால் எங்கே நிற்கிறது என்பதற்கு இதோ ஆவணம்.

புதன்கிழமை பெட்டியிலிருந்து ஏழே முக்கால் பலகை ஒன்றை எடுத்தான். ஐம்பத்தொன்று சக்கரம். நட்டில் மூன்று புரி. புதுத் தாளை ஒட்டி, கிடங்கின் பின்னால் போய் உட்கார்ந்து, ஓர் அரைச் செங்கல்லால் அந்த ஓரத்தைத் தேய்த்தான். உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க ஒரு நிம்மதி வந்தது. இனி இரண்டு பலகையும் ஒன்றுதான். எந்த வித்தியாசமும் கிடையாது. சமத்துவம் என்பதை அவன் கையால் செய்து பார்த்தது அதுவே முதல் தடவை.

வந்து, தேய்த்த இடத்தில் முன்காலை வைத்து, ஓட்டத்தில் துள்ளினான்.

பலகை மூக்கைத் தரையில் குத்தி, வாலால் அவன் கெண்டைக்காலில் ஓர் அடி கொடுத்துவிட்டு, தனியாக ஓடிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது.

மறுபடி துள்ளினான். மறுபடி அதே சுவர்.

இருபதாவது தடவை துரை பக்கத்தில் வந்தான். "அண்ணாச்சி, கால கொஞ்சம் பின்னால வைங்க."

"எங்க?"

"நடுவுல. முன்பக்கப் போல்ட்டுக்கு ஒரு விரக்கட பின்னால. நான் அங்கதான் வைப்பேன்."

தொம்மை அவன் முகத்தைப் பார்த்தான். ஐஸ் தண்ணீரில் கழுவி வைத்த மாதிரி ஒரு முகம். ஒரு களங்கமும் இல்லை. நிர்வாகத் தரப்பில் பேச்சுவார்த்தைக்கு அனுப்புகிற ஆட்களுக்கு இப்படித்தான் முகம் இருக்கும்.

"அங்கதான் வைப்பியா?"

"ஆமா."

"சரி."

"வேணும்னா என் பலகையில ஒரு தடவ போட்டுப் பாருங்களேன்."

"என் பலகைக்கு என்ன கொற?"

"ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. என் பலக மாதிரியேதான் இருக்கு," என்று சிரித்துவிட்டுப் போனான் துரை.

அந்தச் சிரிப்பை வியாழக்கிழமை முழுக்க தொம்மை மென்றுகொண்டிருந்தான். நடுவில் வைக்கச் சொல்கிறான். அவன் பலகையோ ஓரத்தில் தேய்ந்திருக்கிறது. நாக்கு பொய் சொல்லும், தாள் சொல்லுமா? நாலு அங்குலம் தள்ளி வழி காட்டிவிட்டு, தான் மட்டும் சென்னை போகப் பார்க்கிறான். காலை மாற்றவில்லை தொம்மை. தேய்த்த இடத்திலேயே வைத்தான். இன்னும் இறுக்கமாக வைத்தான். வியாழன் முடிவதற்குள் இரண்டு கெண்டைக்காலும் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன.

மாஸ்டர் தூரத்தில் நின்று பார்த்தார். ஒரு தடவை கிட்டே வந்தார்.

"வலிக்காண்ணே?"

"இல்ல."

"சரி," என்று போய்விட்டார்.

தன்னிடம்தான் மாஸ்டர் ஒன்றும் சொல்வதில்லை என்று தொம்மை நினைத்திருந்தான். துரையிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தான். கவனித்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், ஃபோர்க்லிஃப்ட் இருக்கையிலேயே உட்கார்ந்து, தொம்மை பேனாவை எடுத்தான். கை தானாக ஓடியது. ரொம்ப நாள் ஆகியிருந்தது. சோறு ஆறிப்போனது.

சனிக்கிழமை காலை ஏழேமுக்காலுக்கு அவன் அந்தக் காகிதத்தை மாஸ்டரிடம் கொடுத்தான்.

"என்னண்ணே இது?"

"மனு."

"எனக்கா?"

"பொதுவுல படிக்கணும்."

மாஸ்டர் பிரித்துப் பார்த்தார். பிறகு பவுலினிடம் நீட்டினார். டியூஷன் குரலில் அவள் படித்தாள். ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள்.

"பெறுநர், மாஸ்டர் அவர்கள், உப்புக் கிடங்கு ஸ்கேட் தளம். பொருள், சக வீரர் திரு. ஐகோர்ட்துரை உண்மையை மறைத்தது குறித்து. சமமான பலகை, சமமான சக்கரம், சமமான திருகு இருந்தும் விளைவு சமமாக இல்லையெனில், சமமில்லாத ஏதோ ஒன்று மறைக்கப்பட்டிருக்கிறது என்பதே பொருள். முன்காலை நடுவில் வைக்கும்படி மேற்படியார் எனக்கு வழி காட்டினார். மேற்படியாரின் பலகையிலோ முன்மூக்கின் ஓரமே தேய்ந்துள்ளது. எனவே பகிரங்க விசாரணை கோருகிறேன். அவர் சொன்ன இடத்தில்தான் அவர் கால் நிற்கிறது என்று நிரூபிக்கப்பட்டால், இத்தளத்தை விட்டு நான் நிரந்தரமாக விலகிக்கொள்கிறேன். இப்படிக்கு, தொம்மை."

பவுலின் காகிதத்தை இறக்கினாள்.

"மேற்படியார்னா நானா?" என்று கேட்டான் துரை.

யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, நான் என்னத்த மறைச்சேன்?"

"விசாரணையில தெரியும்."

"கேட்டா நானே சொல்லுவேன்லா."

"சொன்னதுதான் பிரச்சினை."

மாஸ்டர் தொம்மையைப் பார்த்தார். "கடைசி வரி வேணுமாண்ணே?"

"எழுதினா எழுதினதுதான். இந்தத் தரைக்கு மனு போட்ட கைதான் இதையும் போட்டிருக்கு."

"சரி."

அவர் பவுலினின் பையைக் கேட்டார். அதில் டியூஷனுக்கு வைத்திருந்த சாக்பீஸ் இருந்தது. வெள்ளையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் எடுத்தார். துரையைத் தரையில் உட்காரச் சொல்லி, அவன் முன்காலான இடது காலின் ஷூ அடிப்பக்கம் முழுக்க வெள்ளையைத் தேய்த்தார். ஷூவின் வெளி ஓரத்தில், சுண்டுவிரல் பக்கம், நீலத்தைத் தேய்த்தார். பள்ளிக்கூடத்தில் படம் போடுகிற மாதிரி, அவசரமில்லாமல்.

"தொம்மையண்ணே, நீங்களே பலகையத் துடைச்சுக் குடுங்க. பெறகு சந்தேகம் வேண்டாம்."

தொம்மை துரையின் பலகையை வாங்கி, துண்டால் இரண்டு தடவை துடைத்துக் கொடுத்தான்.

"முன்காலத் தூக்கி ஒரே தடவ வை. வச்ச காலை மாத்தாத. போடு," என்றார் மாஸ்டர் துரையிடம்.

துரை உருண்டான். கிடங்கின் பாதியில் துள்ளினான். பலகை சுற்றியது. இறங்கும்போது அதன் மேல் கால் வைக்காமல் தாண்டிக் குதித்து, உருண்டு போன பலகையைக் கையால் பிடித்தான். தடம் கலையக் கூடாது என்று அவனுக்கே தோன்றியிருந்தது.

பலகையைக் கொண்டுவந்து தொம்மையின் முன்னால் வைத்தான்.

எல்லோரும் குனிந்தார்கள்.

நடுவில், போல்ட்டுக்கு ஒரு விரற்கடை பின்னால், ஒரு வெள்ளைப் பாதம். அங்கிருந்து முன்மூக்கின் ஓரம் வரை ஒரு நீலக் கோடு, வால்நட்சத்திரம் மாதிரி இழுத்துக்கொண்டு போயிருந்தது. தேய்ந்து மரம் தெரிந்த இடத்தில் நீலம் அப்பியிருந்தது. அந்த இடத்தில் வெள்ளை ஒரு பொட்டுக்கூட இல்லை.

தொம்மை முகம் பலகையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தான்.

"வெள்ளை என்ன?" என்றான், குரல் தனக்கே கேட்காத மாதிரி.

"நிக்கிற இடம்," என்றார் மாஸ்டர்.

"நீலம்?"

"கால் விட்டுப் போற இடம். அங்க ஒரசிட்டுத்தான் வெளிய போகும். அதான் அங்க தேயுது."

"நிக்கிற இடம் தேயாதா?"

"நின்னா தேயாதுண்ணே."

துரை சொன்ன இடம் அச்சாகப் பதிந்து கிடந்தது. துரை பொய் சொல்லவில்லை. அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்திருந்தான். தொம்மைக்கு அதுதான் தாங்கவில்லை. திருடன் என்று தெரிந்திருந்தால் எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

மாஸ்டர் தொம்மையின் பலகையை எடுத்தார். ஓரத்தில் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தடவி, விரலைப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"ஓட்டித் தேஞ்சதாண்ணே?"

தொம்மை கையிலிருந்த துண்டை உதறி மடித்தான்.

"செங்கல்லு," என்றாள் பவுலின் மெதுவாக. கிண்டலாகச் சொல்லவில்லை.

அவன் நிமிர்ந்தான். விளக்குமாறு சாய்த்து வைத்திருந்த மூலைக்குப் போய்த் தன் பையை எடுத்துத் தோளில் போட்டான். தண்ணீர் பாட்டிலை எடுத்தான். சங்கத்திலிருந்து வெளியே வந்த நாளும் இப்படித்தான், பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்தான். முதுகை நேராக வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அன்றே பழகியதுதான்.

"அண்ணாச்சி, நானும் இத மனசுல வைக்கல, நீங்களும் விடுங்க," என்றான் துரை.

"நீ பேசாத."

"யாரு அண்ணாச்சி இப்பப் போகச் சொன்னா?"

"நான் சொல்லியிருக்கேன். கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கேன்." தொம்மை மாஸ்டர் பக்கம் திரும்பினான். "துரை பேரக் குடுத்துருங்க, மாஸ்டர். நான் வாரேன்."

மாஸ்டர் போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொம்மையின் பலகையை மடியில் வைத்துக்கொண்டார். கறுப்புத் தாளின் ஒரு முனையை நகத்தால் கிளப்பிப் பிடித்து இழுத்தார். செங்கல் தேய்த்த தாள் நீளமாகக் கிழிகிற சத்தத்தோடு மொத்தமாக வந்தது. அடியில் மரம் வெறுமையாக, பிசின் வாசனையோடு இருந்தது.

வாசல் வரை போயிருந்த தொம்மை அந்தச் சத்தத்துக்கு நின்றான்.

மாஸ்டர் தன் பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து விரித்தார். பலகையின் மேல் போட்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நீவினார். காற்று அடைத்த இடங்களில் குமிழ் குமிழாக நின்றது. அழுத்த எதையோ தேடினார். பவுலினின் கையில் மனு இருந்தது. வாங்கி, நாலாக மடித்து, அதை வைத்து ஒவ்வொரு குமிழாக அழுத்தித் தேய்த்தார். புதுத் தாள் அரம் மாதிரி. காகிதம் அதில் பட்டுத் தூள் தூளாக உதிர்ந்தது. முதலில் 'பெறுநர்' போனது. மடிப்பைத் திருப்பினார். அடுத்த பக்கமும் உதிர்ந்தது.

"மாஸ்டர், அதுல என் கையெழுத்து இருக்கு," என்றான் தொம்மை வாசலிலிருந்து.

"தெரியும்ணே," என்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிளேடால் விளிம்புகளை வெட்டினார். பொடியை ஊதினார். கையில் மிஞ்சிய காகிதத்தில் எழுத்து ஏதும் இல்லை. எழுந்து, பலகையைத் தரையில் வைத்து, காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது சத்தமில்லாமல் உருண்டு போய் வாசலில் தொம்மையின் ஷூவில் மோதி நின்றது.

துரை சுவர் ஓரமாக ஒதுங்கி வழி விட்டான். மணி எட்டு பதினைந்து. பேர் சொல்ல இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

தொம்மை குனிந்து பார்த்தான். முழுக் கறுப்பு. ஒரு கீறல் இல்லை, ஒரு வெளுப்பு இல்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, பார்க்க ஒன்றும் இல்லாத பலகை.

பையைத் தோளிலிருந்து இறக்கினான். ஒரு காலைத் தூக்கினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் அது அந்தரத்தில் நின்றது.

"நான் எங்க நிக்கணும், மாஸ்டர்?"

"தெரியாதுண்ணே. இதுல இன்னும் யாரும் நிக்கல."